சோடா உடைத்தது யார்?

மன்னிப்புக் கடிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. அதில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான், கடைக்காரம்மாவின் கையெழுத்து.

"போட மாட்டேன்" என்றார் கடைக்காரம்மா. "கையை வெட்டி எடுத்துட்டுப் போய் அவங்களே போட்டுக்கட்டும்."

கடை சின்னதுதான். ரெண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் வயிற்றை எக்கி வழிவிட வேண்டும். ஆனால் தரையிலிருந்து கூரை வரை சுவர் முழுக்க ஆஸ்திரேலிய வைன். அதிலும் விலை குறைந்த ரகம் மட்டும். 'ஏழைக்கும் நாக்கு உண்டு' என்று வாசலில் ஒரு பலகை. அதைப் பார்த்தே பாதிப் பணக்காரர்கள் எதிர்சாரியில் நடந்து போனார்கள். மீதிப் பாதி வேலைக்காரனை அனுப்பி வாங்கினார்கள்.

அண்ணி கடிதத்தைப் படித்து முடித்துக் கொழுந்தனிடம் நீட்டினார்.

துப்பறிகிற அந்த அம்மாளுக்கு ஊரில் வேறு பெயர் கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம் பிடிக்கிற வேலையில் இருந்தவர். வேலையை விட்ட பிறகும் பொய் அவரை விடவில்லை. கொழுந்தன் ஒருத்தன் 'அண்ணி, அண்ணி' என்று பின்னாலேயே சுற்றியதில் வழக்கு கொண்டுவரும் கட்சிக்காரர்கள், போலீஸ்காரர்கள், அவர் கையால் உள்ளே போன திருடர்கள் எல்லோருக்கும் அவர் அண்ணியாகிவிட்டார். அந்தக் கொழுந்தன்தான் ஒட்டடை. நிமிர்ந்து நின்றால் கூரையைச் சுத்தம் செய்துவிடலாம் என்கிற உயரம். பக்கவாட்டில் பார்த்தால் ஆள் இருப்பதே தெரியாது.

"நடந்ததை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் அண்ணி.

"உங்களுக்குத்தான் சொல்லிட்டேனே."

"இவனுக்குச் சொல்லுங்க. இவனுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரிஞ்ச மாதிரி."

"பார்த்தீங்களாம்மா?" என்றான் ஒட்டடை. "சம்பளம்தான் இல்லைன்னா மரியாதையும் இல்லை."

கடைக்காரம்மா சொன்னார். ஊர் வைன் சங்கத்தில் வருஷம் ஒரு போட்டி. ஆறு கடைகளிலிருந்து ஆறு வைன். திரைக்குப் பின்னால் பாட்டில்களைத் திறந்து, ஒரே மாதிரி கண்ணாடி ஜாடிகளில் ஊற்றி, எண் சீட்டுக் கட்டி வெளியே கொண்டுவருவார்கள். எது யார் சரக்கு என்று ருசி பார்க்கிறவருக்குத் தெரியாது. பிடித்த ஜாடிக்குக் கை தூக்க வேண்டும். இந்த வருஷம் முதலில் வந்தது கடைக்காரம்மாவின் மலிவான சிவப்பு வைன், ஷிராஸ். சங்கத் தலைவர் தன் கடையிலிருந்து அனுப்பிய வைன், விலையைக் கேட்டால் உட்கார நாற்காலி தேட வேண்டிய வைன், நாலாவது. கூத்து என்னவென்றால், மலிவுச் சரக்குக்கு முதல் கையைத் தூக்கியவரே தலைவர்தான்.

"அங்க ஆரம்பிச்சது வயித்தெரிச்சல்" என்றார் கடைக்காரம்மா. "ஒவ்வொரு கடையும் ரெண்டு பாட்டில் கொடுக்கணும். ஒண்ணு ஊத்த, ஒண்ணு உபரி. மறுநாள் தலைவர் என்னோட உபரி பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்திருக்கார். உள்ள இருக்கறது அவர் கடை வைனாம். மலிவு பாட்டில்ல ஒசத்திச் சரக்கை ஊத்தி நான் ஊரை ஏமாத்திட்டேனாம். இன்னைக்கு சாயங்காலம் கூட்டம். இதுல கையெழுத்துப் போட்டா போட்டியிலேருந்து விலகினதோட விட்டுடுவாங்க. போடலைன்னா கலப்படம்னு புகார். கடை லைசென்ஸே போயிடும்."

கடையின் கடைசியில், தொட்டியருகே நின்று கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் தொண்டையைச் செருமினார். கடைக்காரம்மாவின் வீட்டுக்காரர். சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போகிற ஜாதி.

"போட்டுத் தொலைச்சிடேன்" என்றார். "ஒரு கையெழுத்துதானே. நாலு நாள்ல ஜனம் மறந்துடும்."

"நீங்க சும்மா இருங்க. அந்த கிளாஸைத் தேய்ச்சுத் தேய்ச்சு ஓட்டையாக்கிடாதீங்க." கடைக்காரம்மா அண்ணி பக்கம் திரும்பினார். "இவர் பயந்த சுபாவம். பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்ததே இவர்தான். அன்னைக்கு ராத்திரி முழுக்கத் தூங்கலை. நாம எங்கே, அவங்க எங்கேன்னு புலம்பல். அது கிடக்கட்டும், முதல்ல என் சரக்கைக் குடிச்சுப் பாருங்க. நான் திருடியா இல்லையான்னு அப்புறம் பேசலாம்."

ஒட்டடை அதற்குள் ஷார்டனே என்கிற வெள்ளை வைன் ஒன்றை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டான். "கார்க் திருகி எங்கேம்மா?"

"கார்க் திருகியா? என் கடையிலேயும் கிடையாது, வீட்டிலேயும் கிடையாது. என் சரக்கு அத்தனையும் திருகுமூடி. இந்தாங்க." பாட்டிலின் கழுத்தைப் பிடித்து ஒரு திருகு. கடக்! சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். "கேட்டீங்களா? மூடிக்கும் வளையத்துக்கும் நடுவுல இருக்கற கண்ணி அறுபடற சத்தம். ஒரு பாட்டிலுக்கு ஒரு தடவைதான். திருப்பி மூடித் திறந்தா ஊமை."

வெள்ளையில் எலுமிச்சைத் தோலின் வாசனை, நாக்கின் ஓரத்தில் துளி வெண்ணெய். அடுத்தது சிவப்பு, போட்டியில் ஜெயித்த அதே ஷிராஸ். ஒட்டடை ஒரு வாய் எடுத்தான். பேச்சு நின்றது. அவன் வாயிலிருந்து பேச்சு நிற்பது அண்ணி பார்த்த வரை இதுதான் முதல் முறை.

"என்ன, சொல்லு" என்றார்.

"முதல்ல பழுத்த பிளம்ஸ். அப்புறம் லேசா புகை. சரி, முடிஞ்சுதுன்னு நினைக்கும்போது மிளகு வந்து முதுகுல தட்டி 'எங்கே போறே, உக்காரு'ன்னு சொல்லுது." கோப்பையை மறுபடி நீட்டினான். "விசாரணைக்கு இன்னும் கொஞ்சம் தேவைப்படுது."

"அங்க வெயில் தாராளம், நிலம் தாராளம், பறிக்கிறது மெஷின்" என்றார் கடைக்காரம்மா. "அதனால விலை கம்மி. விலை கம்மின்னா குணமும் கம்மின்னு எவன் சொன்னது? பேரம் பேசத் தெரியாதவன் கண்டுபிடிச்ச நியாயம் அது."

அண்ணி குடித்த மாதிரியும் இருந்தது, குடிக்காத மாதிரியும் இருந்தது. அவர் பார்வை தொட்டிப் பக்கம் போய் வந்ததை ஒட்டடை கவனித்தான். அங்கே வீட்டுக்காரரையும் கோப்பையையும் தவிர ஒன்றுமில்லை. கட்டை விரலில் ஒரு பிளாஸ்திரி, தண்ணீரில் ஊறி ஓரம் தூக்கியிருந்தது. அவ்வளவுதான்.

சங்கக் கட்டடத்தின் சாமான் அறையில் அவர்களுக்காகக் காத்திருந்தவர் தலைவரின் மாப்பிள்ளை. போட்டியன்று திரைக்குப் பின்னால் பாட்டில்களைத் திறந்து ஊற்றியவர் அவர்தான். வெள்ளைக்காலர் சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட், முகத்தில் மட்டும் ஆயிரம் மடிப்பு.

"மாமா பார்க்க விடச் சொன்னார். பேசச் சொல்லலை" என்றார்.

"மூச்சு விடச் சொல்லியிருக்காரா?" என்றான் ஒட்டடை.

"அதைக் கேட்கலை."

சாட்சி பாட்டில் மேஜைமேல் இருந்தது. கடைக்காரம்மாவின் லேபிள், திருகுமூடி. உள்ளே வைன் தோள்பட்டை வரை நிற்கிறது. தலைவர் முகர்ந்து பார்க்கச் சரித்த கொஞ்சம்தான் குறைவு. அண்ணி ஒரு கோப்பையில் ஊற்றி ஒட்டடையிடம் தந்தார்.

அவன் குடித்தான். முகம் சுளித்தான். விரலை வாய்க்குள் விட்டு எதையோ எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான்.

"நல்ல வைன்தான் அண்ணி, கோட் போட்டுக்கிட்டு வந்து கைகுலுக்கற மாதிரி இருக்கு. ஆனா கடையில குடிச்சது இது இல்லை. கூடவே பல்லுல மரத்தூள் வருது."

அண்ணி மீதியைக் கைக்குட்டையில் வடிகட்டினார். துணியில் பழுப்பு நிறத்தில் துகள்கள். கார்க். உதிர்ந்த, பிய்த்தெடுத்த கார்க்.

திருகுமூடி பாட்டிலுக்குள் கார்க்குக்கு என்ன ஜோலி? வேறொரு பாட்டிலிலிருந்து வந்தால்தான் உண்டு. தலைவர் சொன்னது நிஜம்.

அண்ணி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "மாப்பிள்ளை, பேச வேண்டாம். அன்னைக்கு நடந்த வேடிக்கை எதையாவது சொல்லுங்க, போதும். வேடிக்கை சொல்ல மாமா தடை போட்டிருக்காரா?"

மாப்பிள்ளை கதவைப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் யாருமில்லை. "வேடிக்கைன்னா... ஆறு பாட்டில் திறந்தேன். அஞ்சு கார்க். 'பொத்'துன்னு மெதுவா வரும். இந்தம்மாவோடது மட்டும் கடக்குன்னுச்சு. திரைக்கு வெளியிலேருந்து மாமா, 'எவன்டா அங்க சோடா உடைக்கிறது?'ன்னு கத்தினார். மொத்த ஹாலும் சிரிச்சுது."

"சிரிக்க வேண்டியதுதான்" என்றார் அண்ணி. "ஊத்தினது முதல் பாட்டிலா, உபரி பாட்டிலா?"

"மறந்துபோச்சு" என்றார் மாப்பிள்ளை. மறந்தவர் முகம் அப்படி வெளிறாது.

வெளியே வந்ததும் ஒட்டடை பொரிந்து தள்ளினான். "அவ்வளவுதான் அண்ணி. கட்சிக்காரம்மா குடை சாஞ்சாச்சு. திருகிக்கு வழியில்லாதவங்கதான் கார்க்கை இப்படிக் கத்தியால குத்திக் குதறியிருக்கணும். சங்கத்துல உள்ளவங்க கார்க் எடுத்தா பூப்பறிக்கிற மாதிரி எடுப்பாங்க. திருகியே கிடையாதுன்னு யாரு பெருமையா சொன்னது? நம்ம அம்மாதான். வாயாலேயே மாட்டிக்கிட்டாங்க."

"முக்கால்வாசி சரி."

"மீதிக் கால்வாசி?"

"திருகி இல்லாத வீட்டுல ஒருத்தர்தான் இருக்காங்களா?"

வழியில் அண்ணி கடைக்காரம்மாவிடம் ஒரு மூடி திறக்காத ஷிராஸ் வாங்கிக்கொண்டார். விலையில் பத்தில் ஒரு பங்கு குறைக்கச் சொல்லிப் பேரமும் பேசினார். தான் தூக்குமேடைக்குப் போகிற நாளிலும் கடைக்காரம்மா குறைக்கவில்லை.

சங்கத்து ஹாலில் நீள மேஜை. இரண்டு பக்கமும் உறுப்பினர்கள். தலைமாட்டில் தலைவர், முகத்தில் பாதி மூக்கு. அந்த மூக்கின் மேல்தான் அவருடைய வியாபாரமே நின்றது. அவருக்கு எதிரே மன்னிப்புக் கடிதம், பேனா, சாட்சி பாட்டில். சுவரோரம் கடைக்காரம்மா நின்றிருந்தார். உட்காரச் சொன்னதற்கு, "குற்றவாளிதானே நிக்கணும்? நிக்கறேன். நின்னா கொஞ்சம் உயரமாவும் இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். பின்னால் வீட்டுக்காரர், தூணோடு தூணாக.

"வளவளன்னு பேச வேண்டாம்" என்றார் தலைவர். "பாட்டில் இருக்கு. உள்ள இருக்கறது என் சரக்கு. பெத்த பிள்ளையை எனக்குத் தெரியாதா? உபரியே இப்படின்னா அன்னைக்கு ஊத்தினதும் இப்படித்தான். போடச் சொல்லுங்க கையெழுத்தை."

"உள்ள இருக்கறது உங்க சரக்குதான்" என்றார் அண்ணி.

ஹாலில் ஒரு சலசலப்பு. கடைக்காரம்மாவின் முகம் சுண்டியது. "என்னம்மா நீங்க..."

"அதனால ஒரு சந்தேகம். அன்னைக்கு அவங்க ஜாடியிலேயும் உங்க வைன், உங்க ஜாடியிலேயும் உங்க வைன். ஒரே தாய்ப்பிள்ளை. அதுல ஒண்ணுக்கு முதலிடம், இன்னொண்ணுக்கு நாலாமிடம். முதல் கையைத் தூக்கினது நீங்க. அவங்க ஏமாத்தினாங்கன்னா, உங்க மூக்கும் சேர்ந்து ஏமாத்தியிருக்கு."

தலைவர் சிரித்தார். இந்தக் கேள்விக்குக் காலையிலேயே கண்ணாடி முன் நின்று பதில் தயார் செய்திருப்பார் போலிருந்தது. "பாட்டிலுக்குப் பாட்டில் குணம் மாறும்மா. வைன் தெரிஞ்சவங்களுக்கு இது அரிச்சுவடி." உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். தெரியாது என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

"சரி, எனக்குத் தெரியாதது" என்றார் அண்ணி. "தெரிஞ்சதைக் கேக்கறேன். அன்னைக்குச் சோடா உடைச்சது யாரு?"

மேஜையின் நடுவில் ஒருவர் களுக்கென்றார். பக்கத்தில் பரவியது. "தலைவர் கத்தினாரே, எவன்டா சோடா உடைக்கிறதுன்னு!" என்றது ஒரு குரல். "நானும் கேட்டேன்" என்றது இன்னொன்று.

"எல்லாரும் கேட்டீங்க. தலைவரே கேட்டார். ஒட்டடை!"

ஒட்டடை மூடி திறக்காத ஷிராஸை உயர்த்திப் பிடித்துத் திருகினான். கடக்! ஹாலின் மூலைவரை கேட்டது. மூடியைத் திரும்பப் போட்டு இறுக்கினான். காதுகள் காத்திருந்தன. மறுபடி திருகினான். ஒன்றுமில்லை. ஊமை.

"இந்தச் சத்தம் பாட்டிலுக்கு ஒரு தடவைதான் வரும்" என்றார் அண்ணி. "உள்ள இருந்ததைக் கொட்டி வேற ஊத்தணும்னா மூடியை முன்னாடியே திறந்திருக்கணும். திறந்த மூடி கத்தாது. அன்னைக்கு நீங்க குடிச்ச பாட்டில் கத்தியிருக்கு. அதைக் கேட்டு நீங்க கேலி பண்ணியிருக்கீங்க. அவங்களுக்கு நல்ல சாட்சி வேணும்னு ஊரெல்லாம் தேடினேன். உங்களைவிட நல்ல சாட்சி கிடைக்கலை."

தலைவரின் மூக்கு சிவந்தது. "சத்தம் போட்டது ஒண்ணு, ஊத்தினது ஒண்ணா இருக்கலாம் இல்லையா? திரைக்குப் பின்னாடி நடந்தது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் மாமா."

சுவரோரம் ட்ரேயோடு நின்ற மாப்பிள்ளை ட்ரேயை மேஜைமேல் வைத்தார். கோப்பைகள் கிலுகிலுத்தன.

"மாப்ளே, உக்காருங்க" என்றார் தலைவர். வார்த்தையில்தான் மரியாதை.

"உக்கார நாற்காலி எப்பவும் போட்டதில்லையே மாமா. நின்னே சொல்றேன். முதல்ல எடுத்த பாட்டில் மூடி லொடலொடன்னு இருந்துச்சு. கண்ணி அறுந்த பாட்டிலை ஊத்தக்கூடாதுங்கறது நம்ம சங்கத்து விதி. ஒதுக்கி வெச்சுட்டு உபரியைத் திறந்தேன். அதுதான் கடக்குன்னுச்சு. அதைத்தான் எல்லாரும் குடிச்சீங்க. மறுநாள் நீங்க மோந்து பார்த்தது நான் ஒதுக்கி வெச்சதை. சொல்ல வந்தேன். 'உங்களைக் கேட்டேனா?'ன்னீங்க."

ஹால் மொத்தமும் தலைவரைப் பார்த்தது. அவர் வியாபாரி. கப்பல் கவிழ்ந்தாலும் பாய்மரத்துக்கு விலை கேட்கிறவர். மெல்ல நிமிர்ந்தார்.

"சரி. குடிச்சது அவங்க சரக்குதான். ஒத்துக்கறேன். ஆனா இந்தப் பாட்டில்ல என் சரக்கு தானா நடந்து வந்து ஏறிக்கலையே? இதை நிரப்பினது யாரு?"

அண்ணி பதில் சொல்ல மாட்டார் என்று ஒட்டடைக்கு அந்தக் கணத்தில் புரிந்தது. கட்சிக்காரரின் பெயரைக் காப்பாற்றியாகிவிட்டது. மீதி, அவர் வீட்டு விஷயம். அண்ணி கைக்குட்டையைப் பிரித்து மேஜைமேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

கடைக்காரம்மா அருகே வந்து பார்த்தார். குதறிய கார்க் துகள். திருகி இல்லாத வீடு. அவர் தலை மெதுவாகத் திரும்பியது. தூணருகே ஒரு கட்டை விரல் உள்ளங்கைக்குள் ஒளியப் பார்த்தது.

"கத்தி வழுக்கிடுச்சுன்னு சொன்னீங்க" என்றார். "வெங்காயம் நறுக்கறப்போ."

வீட்டுக்காரர் பிளாஸ்திரியின் ஓரத்தை அழுத்தி ஒட்டினார்.

'யாரோ விஷமி' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கடைக்காரம்மா போயிருக்கலாம். மேற்கொண்டு கேட்க ஆளில்லை. ஆனால் அவர் தலைவரை நேராகப் பார்த்தார்.

"நிரப்பினது என் வீட்டுக்காரர். எனக்குத் தெரியாது, இப்பத்தான் தெரியும். ஆனா என் வீட்டுல நடந்தது. மறைச்சு வியாபாரம் பண்ணி எனக்குப் பழக்கமில்லை. பாட்டில்லேயும் சரி, வாயிலேயும் சரி."

"உன்னைப் பார்த்து எல்லாரும் சிரிப்பாங்கன்னு பயந்தேன்" என்றார் வீட்டுக்காரர். தூணுக்குச் சொல்வது போலிருந்தது. "மலிவுச் சரக்குன்னு... அவர் கடையிலேயே போய் ஒரு பாட்டில் வாங்கினேன். ஒண்ணு வாங்கத்தான் தைரியம் வந்துச்சு."

"அவர் வைன் நாலாவது வந்துச்சுங்க!" கடைக்காரம்மாவின் குரல் உடைந்து, உடைந்த இடத்திலேயே சிரிப்பும் கிளம்பியது. "உங்க திருட்டு பலிச்சிருந்தா நானும் நாலாவது வந்திருப்பேன். வாங்க இப்படி."

ஒட்டடையின் கைக்குட்டையை வாங்கி வீட்டுக்காரரின் கண்ணைக் கட்டினார். சாட்சி பாட்டிலிலிருந்து ஒரு கோப்பை, புதிதாகத் திறந்த ஷிராஸிலிருந்து ஒரு கோப்பை. கையில் கொடுத்தார். கட்டின கண்ணோடு மனுஷன் ஒன்றைக் குடித்தார், மற்றதைக் குடித்தார், மறுபடி முதலாவதற்குப் போனார். தலைவர்கூட நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"இது நல்லாத்தான் இருக்கு" என்று இடது கையை அசைத்தார். வலது கையை நீட்டினார். "ஆனா இதுதான் ஒசத்தி. இதுதானே அவருது?"

வலது கையில் இருந்தது ஷிராஸ். கடைக்காரம்மா கட்டை அவிழ்த்தார். வீட்டுக்காரர் தன் வலது கையைப் பார்த்தார், மேஜையிலிருந்த இரண்டு பாட்டில்களையும் பார்த்தார், பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார். எத்தனையோ காலம் பக்கத்தில் நின்று கோப்பை துடைத்தவருக்கு, அன்றைக்குத்தான் அதில் ஊற்றியது என்னவென்று தெரிந்தது.

"இத்தனை நாளா ஒரு தடவைகூடக் குடிச்சுப் பார்க்கலை, இல்லை?" என்றார் கடைக்காரம்மா.

"விலை தெரியுமே, அதான்..."

"விலை தெரிஞ்ச நாக்கு விளங்காது. வீட்டுக்கு வாங்க, அங்க பேசிக்கறேன்."

தலைவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "பாருங்கம்மா, முதலிடம் உங்களுக்கே. புகாரும் இல்லை. ஆனா உங்க வீட்டு ஆள் செஞ்சது தப்புதானே? சங்கத்து மரியாதைக்காக, சும்மா ஒரு ஒப்புக்கு, அந்தக் கடிதத்துல மட்டும்..."

கடைக்காரம்மா வீட்டுக்காரரின் வலது கையிலிருந்த கோப்பையை வாங்கினார். பாதி இருந்தது. ஒரே மூச்சில் குடித்து முடித்தார். விளிம்பிலிருந்து ஒரு சொட்டு வழிந்து கோப்பையின் அடிவரை இறங்கியது. கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, கையெழுத்துக்காகக் கோடு போட்டிருந்த இடத்தின் மேல் கோப்பையை நிதானமாக, அழுத்தி வைத்தார். எடுத்தபோது காகிதத்தில் சிவப்பாக ஒரு வட்டம், முத்திரை குத்தியது போல.

"கையெழுத்துதானே கேட்டீங்க?" என்றார். "போட்டாச்சு."